டார்னெல் நம்ம ஊர்ல மட்டும் ஏன் அடிக்கிறதில்ல?

...அதத்தான் நானும் கேக்குறேன் தம்பி, பாதி பேஸ்பால் சீசன் முடிஞ்சிருச்சு, நாம எங்க நிக்கிறோம்? நாலாவது எடம்! மொத்தம் இருக்கிறதே அஞ்சு டீம்! மார்ச் மாசம் பேப்பர்காரங்க எல்லாம் என்ன எழுதுனாங்க? "இந்த வருசம் பஃபலோ ஃபெர்ரிமென்தான் கோப்பையத் தூக்கப் போறாங்க"ன்னு எழுதுனாங்க. கோப்பையாம் கோப்பை! இவங்க காப்பிக் கப்பத் தூக்குனாலே கீழ போட்டு ஒடச்சிருவாங்க... உக்காருங்க, உக்காருங்க, அது உங்க சீட்டுதான். கடலத் தோலக் கீழயே போடுங்க, பரவால்ல, இங்க எல்லாரும் அப்படித்தான். என்ன, சியாட்டில்ல இருந்து வேலை மாத்திக்கிட்டு வந்திருக்கீங்களா? அதான் வெயிலுக்குப் பயந்து மூக்குல இவ்ளோ வெள்ளையாக் களிம்பு பூசியிருக்கீங்க. எங்க ஊரு வெயிலு அதுக்கெல்லாம் மசியாது.

என் பேரு வாண்டா ஷிமான்ஸ்கி. முப்பது வருசமா இந்த ஊர்ல ஸ்கூல் பஸ் ஓட்டுனேன். போன கிறிஸ்துமஸோட ரிட்டயர் ஆயிட்டேன். டிப்போவுல எல்லாரும் ஒண்ணாச் சேந்து இந்த சீசன் டிக்கெட்ட வாங்கிக் குடுத்தாங்க. மூணாவது வரிசை! போன வருசம் வரைக்கும் நான் உச்சியில, புறாவோட புறாவா உக்காந்து பாத்தவ. அங்க இருந்து பாத்தா ஆடுறவனெல்லாம் எறும்பு மாதிரி தெரிவான். இங்கயா, எவனுக்குப் பல்லு சொத்தைன்னு கூடச் சொல்லிருவேன்.

சரி, நல்லத மொதல்ல சொல்லிருவோம், இல்லன்னா சும்மா கொற சொல்ற பொம்பளன்னு நெனப்பீங்க. லோனி டக்கெட் இருக்கானே, கடைசி இன்னிங்ஸ்ல பந்து போட வர்ற கெழவன்... அவன நாலு டீம் வேணாம்னு துரத்தி விட்டுச்சு. முட்டி மடக்குனா கதவு தொறக்குற மாதிரி சத்தம் வரும். அவன் போடுற பந்து, ஸ்டாப்புல நிக்கப் போற பஸ் மாதிரி ஆடி அசைஞ்சு வருது. எதிராளி அவசரப்பட்டு மட்டையச் சுத்திட்டு, பந்து வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கிறான்! அவன்தான் இந்த வருசம் நம்மளக் காப்பாத்துறான். யாராவது நெனச்சுப் பாத்தமா?

ஆனா அந்த ஹால்வர்சன்? பந்து போடுறதுல பெரிய பிட்சர்னு ஊரக் கூட்டி, மேளதாளத்தோட கொண்டுவந்து எறக்குனாங்களே? ஏப்ரல்ல முழங்கை வலி. மே மாசம் தோள்பட்ட. ஜூன்ல அந்த மகராசன் ஒரு தும்மல் போட்டான், முதுகு புடிச்சிக்கிச்சு! தும்முனதுக்கு ஆறு வாரம் லீவு, தம்பி. நான் நூத்தி ரெண்டு டிகிரி காய்ச்சல்ல பனியில பஸ் ஓட்டியிருக்கேன்.

அப்புறம் அந்த மேனேஜர். அங்க பாருங்க, சூரியகாந்தி விதையத் துப்பிக்கிட்டு, என்னமோ ஆழமா யோசிக்கிற மாதிரி நிக்கிறான். யோசனையா அது? பல்லுல தோலு மாட்டிக்கிச்சு!

இதெல்லாம் போகட்டும். என் வயித்தெரிச்சல் வேற... இருங்க, இருங்க, வர்றான், அவனேதான்! டார்னெல் ப்ரூயிட். நம்ம ஊர்ப் பையன். போன வருசம் இந்த டீம்லயே நல்லா அடிச்சவன் அவன்தான்... கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் எந்திரிக்கணும்.

டாஆஆஆர்னெல்! முழங்கையத் தூக்குடா! நேரா நில்லு! டாஆஆர்னெல்! பந்தப் பாரு! பந்தப் பாருடா ராசா!

...பாத்தீங்களா? பாத்தீங்களா இந்தக் கூத்த! மூணு பந்து, மூணும் நடுவுல, தட்டுல வச்சுக் குடுத்த மாதிரி, மூணையும் விட்டு அவுட்டு. அவன் மட்டையத் தோள்ல சாச்சிக்கிட்டு, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான்! சுத்திட்டு அவுட்டானாக்கூட மனசு ஆறும். இது அசையவே மாட்டேங்குதே! ஏன் தம்பி காதப் பொத்திக்கிட்டீங்க? பழகிரும்.

இதுதான் விசயம். வெளியூருக்குப் போனா பேய் மாதிரி அடிக்கிறான். சிகாகோவுல அடிக்கிறான், டெக்ஸஸ்ல அடிக்கிறான். சொந்த ஊருக்கு வந்தா பத்துல ஒண்ணு கூடத் தேற மாட்டேங்குது. இந்த மாசக் கடைசிக்குள்ள டீமுக்கு டீம் ஆள மாத்துறதுக்கு நாள் குறிச்சிருக்காங்க. அவன எங்கயோ அரிசோனாவுக்கு அனுப்பிரப் போறாங்கன்னு பேப்பர்ல நேத்துக் கூடப் போட்டிருந்தான். அரிசோனா! அங்க அவனுக்கு யாரத் தெரியும்? கள்ளிச்செடியா?

அந்தப் புள்ள என் பஸ்ஸுல வந்தவன், தம்பி. ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து. எனக்கு நேர் பின்னால சீட்டு. அவ்ளோ சேட்ட, வாயில பப்பிள் கம், கையில எப்பப் பாரு ஒரு பந்து. ஆனா நான் கண்ணாடியப் பாத்து "டார்னெல்!"னு ஒரு குரல் விட்டா போதும். கைய மடியில வச்சிக்கிட்டு, செல மாதிரி உக்காந்துருவான். மூச்சு கூட விட மாட்டான். அவ்ளோ மரியாத! இன்னைக்கு வரைக்கும் என்னப் பாத்தா தொப்பியக் கழட்டிட்டு "மிஸ் வாண்டா"ன்னுதான் கூப்புடுவான். அவன் அம்மா செத்தப்ப சர்ச்சுல என் பக்கத்துலதான் வந்து உக்காந்தான். அவனப் போயி அரிசோனாவுக்கு...

ஏன் அடிக்க மாட்டேங்குறான்னு நானும் மண்டையப் போட்டு ஒடச்சிக்கிட்டேன். அவன் புதுசாக் கட்டிக்கிட்டு வந்தவ வெறும் எலையும் தழையுமாவே தீனி போடுறாளாம், அதுவான்னு பாத்தேன். அதே தீனியத்தான் வெளியூர்லயும் கட்டிக் குடுக்குறாளாம். ஏரிக் காத்து ஒத்துக்கலயோன்னு நெனச்சேன். பொறந்ததே இந்தக் காத்துலதான! எங்க வீட்டுக்காரர் ஃப்ராங்க் ஒரு காரணமும் சொல்ல மாட்டாரு. வீட்டுல சோபாவுல படுத்துக்கிட்டுப் பாப்பாரு. "டிவியில வர்ணனை கேக்கல வாண்டா, ஒன் குரல்தான் கேக்குது"ன்னு பெருமையாச் சொல்வாரு. பெருமையாத்தான், வேற எப்படி?

எந்திரிங்க, ஏழாவது இன்னிங்ஸு, எல்லாரும் நின்னு பாடுற நேரம். பாட்டு தெரியாட்டிப் பரவால்ல, வாய அசைங்க... ம், நல்லவேள, நீங்க இன்னும் இருக்கீங்க. உங்க சீட்டுல இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் இந்நேரத்துக்கு ஹாட் டாக் வாங்கப் போறேன்னு போனவங்கதான். ஒருத்தன் மேல புறாக் கூட்டத்துக்கு நடுவுல உக்காந்திருந்தத நானே பாத்தேன். இவ்ளோ நல்ல சீட்ட விட்டுட்டு! என்ன ஜனங்களோ.

என் கெரகத்தக் கேளுங்க. ஜூன் மாசம் பித்தப்பைய எடுத்தாங்க, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அந்த வாரம் பூரா ஆட்டம் இங்கதான். டார்னெல் அடிச்சான் பாருங்க ஹோம் ரன்னு! ஒண்ணு ரெண்டு இல்ல! ஒண்ணு கார் நிறுத்துற எடத்துல போய் விழுந்துச்சாம். நான் பாக்க முடியாமக் குளுக்கோஸ் ஏத்திக்கிட்டுப் படுத்திருக்கேன். கண்ணு முன்னாடி அடிக்க மாட்டானா அவன்? வெளியூர்ல அடிக்கிறத நேர்லயாவது பாப்போம்னு க்ளீவ்லாண்டுக்குக் கூட ஒரு தடவ கார எடுத்துக்கிட்டுப் போனேன். அன்னைக்குப் பாத்து... நின்னான், செல மாதிரி. ராத்திரி என்ன சாப்ட்டானோ.

என்ன? என்ன கேட்டீங்க? க்ளீவ்லாண்டுல எங்க உக்காந்திருந்தேனா? முன்னாலதான், ரெண்டாவது வரிசை. ஆமா, கத்துனேன். கத்தாமப் பின்ன? அவ்ளோ தூரம் போயி ஊமையாட்டம் உக்காருவாங்களா?

...ஆஸ்பத்திரியில இருந்து எப்படிக் கத்துறது? மூக்குல குழாயச் சொருகியிருந்தாங்க!

ஏன் அப்படிப் பாக்குறீங்க? சிரிக்கிறீங்களா? சிரிக்கலயா? பின்ன ஏன்...

இருங்க.

இருங்க, இருங்க. போன வருசம் நான் உச்சியில இருந்தேன். அங்க இருந்து கத்துனா புறாவுக்குத்தான் கேக்கும். போன வருசம் இங்க நல்லா அடிச்சான். இந்த வருசம் நான் மூணாவது வரிசையில...

சேச்சே. இருக்காது. நாப்பதாயிரம் பேர் கத்துறாங்க இங்க. என் ஒரு குரல்ல... அந்த எதிர் டீம் பிட்சர் கூட நேத்து என்னப் பாத்துத் தொப்பியத் தூக்கி வணக்கம் சொன்னான். வெளியூர்க்காரனுக்குக் கூட நல்ல ரசிகையத் தெரியுதேன்னு நான் பூரிச்சுப் போயி...

களவாணிப் பய! நன்றி சொல்லியிருக்கான்!

அடி மாதாவே. நான் "டார்னெல்!"ங்கிறேன். அவன் கைய மடியில வச்சிக்கிறான். அங்க நின்னுக்கிட்டு, கையில மட்டையோட, மனசுக்குள்ள என் பஸ்ஸுல உக்காந்துக்கிறான்! "நேரா நில்லு"ங்கிறேன், நிக்கிறான்! சொன்ன பேச்சக் கேக்குற புள்ள, தம்பி. இத்தன கோடி சம்பாதிச்சும் சொன்ன பேச்சக் கேக்குது. எவனோ ஒருத்தன் அவன அரிசோனாவுக்கு அனுப்பப் போறான்னு நான் நாலு மாசமா ஊரெல்லாம் திட்டிக்கிட்டுத் திரியுறேன். மூட்டையக் கட்டிக் குடுத்தவ நானு!

எத்தனாவது இன்னிங்ஸு? எட்டா? ரெண்டு பேரு ஓடத் தயாராப் பேஸ்ல நிக்கிறாங்களா? அய்யய்யோ, அடுத்து அவன்தான. மேல அந்தக் கண்ணாடி ரூம்ல பாருங்க, நீலக் கோட்டு போட்டவன், அவன்தான் ஆள விக்கிறவன். அவனும் பாத்துக்கிட்டு இருக்கான்.

எந்திரிங்க தம்பி, வழி விடுங்க. என்னது, வாய மூடிக்கிட்டு உக்காரவா? என்னப் பாத்தா அது நடக்கிற காரியம் மாதிரியா இருக்கு? எங்கப்பா அடக்கத்துல பாதிரியார் அவரு வயசத் தப்பாச் சொன்னாருன்னு நடுவுல எந்திரிச்சுத் திருத்துனவ நான். அவன் மட்டையத் தூக்கிட்டு நடந்து வந்தான்னா என் தொண்ட என்னக் கேக்காது. இதோ, இப்பவே அரிக்குது.

காலக் கொஞ்சம் ஒதுக்குங்க... மன்னிச்சுக்குங்க மேடம், மிதிச்சிட்டேன்... இந்தாங்க தம்பி, என் கடலையையும் நீங்களே வச்சிக்குங்க. நான் படிக்கட்டுக்குக் கீழ, அந்த பீர் கடைக்குப் பின்னால போய் நிக்கிறேன். அங்க நல்லாக் கனமான கான்க்ரீட் சுவரு. என்ன கத்துனாலும் இங்க வராது.

இங்க பாருங்க, அவன் இந்தப் பக்கம் திரும்புனா, மிஸ் வாண்டா எங்கன்னு தேடுனா... வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு கைய ஆட்டுங்க. ஆட்டுவீங்கல்ல?

என்ன, அவன் அடிச்சா கீழ வந்து சொல்றீங்களா? வேணாம் தம்பி, நீங்க உக்காந்து நிம்மதியாப் பாருங்க. அவன் அடிச்சா எனக்கே கேக்கும்.