மூலைத் துண்டு

அன்றைய சர்ச் விருந்துக்கு நான் செய்த எலுமிச்சைக் கேக்கில் வெண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன், ஷெரீப். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

மினசோட்டாவில் பிறந்த உங்களுக்குத் தெரியாததா? பொதுத் தட்டில் கடைசித் துண்டை நாம் யாரும் எடுக்க மாட்டோம். ஆசை தாங்காவிட்டால் பாதி வெட்டிக்கொள்வோம். அடுத்தவர் மீதிப் பாதியில் பாதி. மிஞ்சும் பொடியைப் பொட்டலம் கட்டி ஃப்ரிட்ஜில் வைப்போம்.

என் தங்கை லவோனின் கணவன் வெர்லின் ஒருவன்தான் வேறு ரகம். முப்பத்தோரு வருஷமாக, சர்ச் விருந்து ஒவ்வொன்றிலும் கடைசித் துண்டை லபக்கென்று முழுசாக வாயில் போட்டுக்கொள்வான். லவோன் தலைகுனிந்து நிற்பாள். எனக்கு வயிறு எரியும்.

ஆகவே மூலைத் துண்டில் மட்டும் எலி மருந்து வைத்தேன். அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பரிமாறியது நான்தான் என்பதால் அந்தத் துண்டு கடைசிவரை தட்டிலேயே இருந்தது. வெர்லினைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். மற்றவர்களுக்குத் துளியும் ஆபத்தில்லாத ஏற்பாடு.

வெர்லின் எழுந்து வந்து கத்தியை எடுத்தான்.

"என்னப்பா, கையில கத்தி? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் பாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"கார்ல வழி பூரா இவ ஒரே அர்ச்சனை, பாஸ்டர். இனிமே நானும் மனுஷன் மாதிரி பாதி வெட்டிக்கறேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

பாதியைத் தின்றான். லவோனுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

"பாத்தியா அக்கா, இந்த மனுஷனுக்குப் புத்தி வந்துடுச்சு!" என்று கத்தியை வாங்கினாள். "இன்னிக்கு நானும் ஒரு வாய் சாப்பிடப்போறேன். நீ எடுத்துக்கறியா?"

"ஐயோ, எனக்கு வேண்டாம்."

முதல் தடவை கேட்டால் அப்படித்தானே சொல்ல வேண்டும்?

"சும்மா எடுத்துக்கோ அக்கா."

"வேண்டாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு."

இரண்டாம் தடவையும் மறுப்பதுதான் முறை. மூன்றாம் தடவை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கி, கைக்குட்டையில் மடித்துக் குப்பையில் போட்டுவிடத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. மிச்சத்தில் பாதியை வெட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

வெர்லின் ஆம்புலன்ஸிலேயே போய்ச் சேர்ந்தான். லவோன் மறுநாள் காலையில்.

தட்டை இழுத்திருக்கலாமே என்கிறீர்கள். இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன பிறகு, பாஸ்டர் முன்னால், எந்த முகத்தோடு இழுப்பது? என் பக்கம் ஒரு குறையும் இல்லை, ஷெரீப். நல்லபடியாக வளர்ந்தவள் மூன்றாம் தடவையும் கேட்டிருப்பாள். அவனோடு இருந்து இருந்து, லவோனுக்கும் மரியாதை மறந்துபோயிற்று.