மருமகள் தண்ணீர் ஊற்றிய செடி

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பஸ்ஸில் அன்று என் முன் சீட்டில் ஒரு அம்மா, அவள் புருஷன், ஜன்னலோரம் தூங்கும் லுங்கி வியாபாரி. அந்த அம்மா மடியில் பூ காய்ந்த ஒரு புரோமிலியாட் தொட்டி, இலையெல்லாம் நடுவில் கிண்ணம் மாதிரி குவிந்திருக்கும் அழகுச்செடி. எங்கே உருண்டுவிடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு.

"மருமக இலை நடுவுல தண்ணி ஊத்திதான் செடி செத்துச்சு, கைராசி இல்லாதவன்னு தெருவுக்கே சொன்னியே. அவ அழுதுகினே அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. நர்சரிக்காரன் இன்னா சொன்னான்?" என்றார் புருஷன்.

"நடுவுலதான் ஊத்தணுமாங்க. ஒருவாட்டி பூத்தா தானா செத்துடுமாம். அடியில குட்டிச்செடி வுட்டுக்கினு இருக்குது."

"ஆங். இத சம்பந்தி எதிர்ல அவகிட்ட சொல்லு."

"நீங்க சொல்லுங்களேன்."

"தெருவுல நானா சொன்னேன்?"

சம்பந்தி வீட்டு ஸ்டாப் வந்தது. புருஷன் எழுந்தார். அந்த அம்மா எழவில்லை.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வரலாங்க," என்றாள்.