கண்ணாடி ஓடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாலை, தாம்பரத்தில் முடிச்சூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். முன்னால் டிபன் கேரியரோடு இரண்டு பேர். ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட எத்தனை நாளாகும் என்று இளையவர் கேட்டார். மூத்தவர் சொன்ன பதிலில்தான் என் காது அங்கே திரும்பியது.

“தளம் போட ஒரு நாளு. எங்கம்மா ஒத்துக்க ஏழு வருசம்.”

“இன்னாண்ணா சொல்ற?”

“ஓடு பிரிக்க ரெண்டு நாளு, சென்ட்ரிங் அடிக்க ஒரு வாரம். தளம் போட்டப்புறம் முட்டுக் கட்டையை எடுக்க மூணு வாரம். நடுவுல மழை வந்தா பேஜாரு. அதெல்லாம் சமாளிச்சுடலாம். அம்மாதான் ஓட்டைத் தொடக்கூடாதுன்னுச்சு.”

“ஏண்ணா?”

“நடுவுல ஒரு கண்ணாடி ஓடு இருந்துச்சு. அதுல வர்ற வெயிலு அம்மிகிட்ட வந்தா, நாங்க ஸ்கூல் உட்டு வர்ற நேரம். அதைப் பாத்துதான் டீ வைக்கும்.”

“ஒரு கடியாரம் வாங்கிக் குடுக்கிறதுதானே?”

“குடுத்துதான் ஒத்துக்க வெச்சேன். மணி அடிக்கிற கடியாரம்.”

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி மூத்தவர் சொன்னார்:

“தளம் போட்டு ரெண்டு வருசம் ஆவுது. நாலு மணி அடிச்சா, அம்மா இன்னும் தரையைத்தான் பாக்குது.”