நடுக்களத்து மாப்பிள்ளை

பந்தாட்டம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். அது தப்பு. அங்கே நின்றால் கோல் விழுவது மட்டும்தான் தெரியும், ஏன் விழுந்தது என்று தெரியாது. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், சாயங்கால வெயில் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி உட்கார வேண்டும். இலுப்பூர் மைதானத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. முப்பது வருஷமாக அங்கேதான் என் நாற்காலி.

ஷர்லி மேடம், நீங்கள் நாலு தாளைக் கொடுத்து, "மனசுல உள்ளத அப்படியே எழுதுங்க சார்" என்றீர்கள். குடும்ப ஆலோசனை மையத்துக்கு வந்து பந்தாட்டத்தைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் ஏதோ கெட்டவன் மாதிரித் தெரியும்.

என் பெயர் அடைக்கலம். இலுப்பூர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் இளந்தென்றல் கால்பந்துக் கழகத்தின் ரசிகன். ரசிகன் என்றால் விசிலடிக்கிற ரகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருத்தனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன், காரணத்தோடு. இருநூற்றுச் சொச்சம் பேர் அதற்காகக் காத்திருப்பார்கள். பையன்கள் எனக்கு 'மார்க் மாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் அக்கா மகன் ரகுநாத்துக்கு ஒருமுறை இரண்டு மார்க் போட்டேன். நேரத்துக்கு வந்ததற்கு ஒன்று, பூட்ஸ் கயிற்றைக் கட்டியிருந்ததற்கு ஒன்று. அக்கா ஆறு மாதம் பேசவில்லை. அதற்காக மூன்று போட முடியுமா?

புது ஆட்களைக் கண்டுபிடிப்பதிலும் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பள்ளிக்கூட ஆட்டம் எங்கே நடந்தாலும், கடையை என் மனைவி செவந்தியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். மற்றவர்கள் வேகமாக ஓடுகிறவனைப் பார்ப்பார்கள். நாய்கூடத்தான் வேகமாக ஓடும். நான் பந்து இல்லாதவனைப் பார்ப்பேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்க்கிறானா, அவன் தேறிவிடுவான்.

நிலவழகனை அப்படித்தான் பிடித்தேன். செவந்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ராக்கனின் மகன் அவன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். வலது கால் சுமார்தான். இடது காலைப் பற்றி என்ன சொல்ல. தூரத்தில் நிற்கிறவன் காலடியில், தட்டில் இட்லி வைக்கிற மாதிரி பந்தைக் கொண்டுபோய் வைப்பான். அவன் நடுக்களத்துக்கு வந்த பிறகு இரண்டு வருஷம் திருமயம் அணியைத் தவிர வேறு யாரிடமும் நாங்கள் தோற்கவில்லை.

அவனுக்கு இருபத்துமூன்று வயதில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் அணிக்கு மூன்று நாள் செலக்‌ஷன். தேறினால் அங்கேயே வேலை. ஸ்வீட் பாக்கெட்டோடு நேராக என் கடைக்குத்தான் வந்தான்.

"மாமா, மொதமொதல்ல எனக்கு ஒம்பது மார்க் போட்டது நீங்கதான். அதான் அப்பாகிட்ட கூடச் சொல்லாம ஒங்ககிட்ட வந்துட்டேன்."

எனக்கும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான், இவன் போய்விட்டால் நடுக்களத்தில் யார் ஆடுவது என்று யோசித்தேன். ரகுநாத். அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

என் மகள் மோகனப்ரியாவுக்கு அப்போது இருபத்திரண்டு. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தாள். நிலவழகன் அவளுக்கு முறைப்பையன். அவன் நாலு ஸ்குரூ வாங்க நாலு தடவை கடைக்கு வருவதும், அந்த நேரம் பார்த்து அவள் எனக்கு டீ கொண்டுவருவதும் எனக்குத் தெரியாதது இல்லை. ஆகவே பிடிக்காத இடத்தில் பெண்ணைத் தள்ளினான் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ராக்கனிடம் நானே போய்ப் பேசினேன். அவர் கண் கலங்கிவிட்டார். நான் செய்தது தேதி பார்த்தது மட்டும்தான்.

ஜோசியர் மூன்று முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். இரண்டை நான் அடித்துவிட்டேன். மிச்சமிருந்தது செலக்‌ஷனின் இரண்டாவது நாள்.

நிலவழகனிடம், "பாப்பா அந்தத் தேதிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிது மாப்ள. இல்லேன்னா கல்யாணமே வேணாங்குது. நீ கேட்டா அழுதுரும், கேக்காத. செலக்‌ஷன் அடுத்த வருஷமும் வரும்ல?" என்றேன். மகளிடம், "மாப்ள வீட்டுலதான் இந்தத் தேதி கேக்குறாக. அவருக்கும் சென்னை போக இஷ்டமில்லையாம். அதப் பத்திப் பேசினா சங்கடப்படுவாரு, விட்ரு" என்றேன். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் செலக்‌ஷன் வந்தபோது அவனுக்கு வயது தாண்டிவிட்டது. அந்த வயது வரம்பு எனக்கு முன்பே தெரியும்.

கல்யாணத்துக்கு அப்புறம் பேச்சு வராமல் இருக்குமா? வந்தது. நீதானே அடம்பிடித்தாய் என்று அவன் கேட்க, உங்கள் வீட்டில்தானே தேதி சொன்னார்கள் என்று அவள் சொல்ல, அவன் என்னிடம் வந்து நின்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெற்ற மகளைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாமல் தகப்பன் தவிக்கிறான் என்று அவனாகவே புரிந்துகொண்டான். மகள் வந்து கேட்டபோது, "ஒங்க மாமனாருதான் சொன்னாரு. போன மனுசனப் பத்தி இப்ப எதுக்கு?" என்றேன். ராக்கன் அதற்குள் இறந்துபோயிருந்தார். நல்ல மனிதர்.

இதுவரைக்கும் நான் செய்ததை எந்த ரசிகனும் செய்வான். இனிமேல் எழுதப்போவதுதான் நீங்கள் கேட்டது.

கல்யாணமான முதல் ஆறு மாதம் மாப்பிள்ளை ஆட்டம் படு மோசம். என் மார்க் ஐந்தைத் தாண்டவில்லை. சிரித்துக்கொண்டே ஆடினான். எதிராளி கீழே விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். ஒரு ஆட்டத்தில், பந்து காலில் இருக்கும்போது, வேலி ஓரம் நின்ற என் மகளைப் பார்த்துக் கையசைத்தான். பந்து போய்விட்டது, பின்னாலேயே கோலும் போய்விட்டது. அன்றைக்கு மூன்றுதான் போட்டேன். இந்தக் குடித்தனத்துக்காகவா இத்தனை பாடுபட்டோம் என்றிருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, ஆளே மாறியிருந்தான். யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கோல் அவன் போட்டான், ஒன்று போட வைத்தான். எட்டரை மார்க். என்ன விஷயம் என்று செவந்தியிடம் கேட்டேன். "முந்தாநேத்துலேருந்து ரெண்டுக்கும் பேச்சில்லையாம். அந்த சென்னை விஷயந்தேன்" என்றாள். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. இன்னும் மூன்று ஆட்டம் பொறுத்துப் பார்த்தேன். வீட்டில் சண்டை என்றால் எட்டுக்கு மேல், சமாதானம் என்றால் ஐந்து. பிசகவே இல்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போன் செய்ய ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றும் பேச மாட்டேன். "மாப்ள, அந்த சென்னை டீம் நேத்து ஜெயிச்சிருச்சாம். ஒன் எடத்துல ஒரு பய ஆடுறான், ஒன் கால் தூசிக்குக் காணாது" என்பேன். சின்ன ஆட்டம் என்றால் அது போதும். பெரிய ஆட்டம் என்றால் மகளுக்கும் ஒன்று: "ஒன்னாலதான் வாழ்க்க போச்சுன்னு மாப்ள கடைத்தெருவுல சொல்றாராமே, நெசமா?" இரண்டு போன்தான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பார்க்க வேண்டுமே அவனை.

நீங்கள் நேற்று ஒரு தாளைக் காட்டி, இந்தப் பத்தொன்பது சண்டையும் ஏன் சனிக்கிழமையிலேயே நடந்திருக்கிறது என்று கேட்டீர்கள். மேடம், ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.

போன வருஷம் மணமேல்குடியோடு அரையிறுதி. அது பெரிய ஆட்டம், அதனால் இரண்டு போன். ஞாயிறு காலையில் செவந்தி வந்து, மாப்பிள்ளை கை நீட்டிவிட்டான், பாப்பாவின் இடது காதிலிருந்து ரத்தம் வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள். கூடப் போகச் சட்டையை எடுத்து மாட்டினேன். நானும் தகப்பன்தானே. ஆனால் டாக்டர் பார்க்கும்போது நான் நின்று என்ன செய்யப்போகிறேன்? மைதானத்துக்குப் போனேன். அன்றைக்கு அவன் ஆடியது ஆட்டம். முகம் கல்லு மாதிரி இருந்தது, கண் சிவந்திருந்தது. நாலு கோலிலும் அவன் கால் இருந்தது. ஒன்பதரை போட்டேன். அந்த மார்க்கை அதுவரை நான் யாருக்கும் போட்டதில்லை. அவள் காது ஜவ்வு கிழிந்துவிட்டது. இப்போதும் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. நான் வலது பக்கம்தான் நின்று பேசுவேன்.

அடித்தது அவன் கை. அதற்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்லட்டும். நான் அடிக்கச் சொன்னதில்லை. ஆனால் போன் செய்தால் அடிப்பான் என்று, அதற்கு முன்பே அவன் இரண்டாவது தடவை கை நீட்டியதிலிருந்து எனக்குத் தெரியும். எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

இரக்கம் இல்லாதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த வருஷம் ஃபைனலுக்கு முந்தின நாள் நான் போனைத் தொடவில்லை. அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஃபைனலில் திருமயத்திடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். மாப்பிள்ளைக்கு நாலு மார்க். நான் செய்த தப்பு என்றால் அதைத்தான் சொல்வேன்.

போன வாரம் மோகனப்ரியா கடைக்கு வந்தாள். கையில் போன். ஆணி வாங்க வந்தவர்கள் போகும்வரை நின்றாள்.

"அப்பா, ஒங்க மார்க் மெசேஜெல்லாம் மொதல்லேருந்து படிச்சேன். அவருக்கு நீங்க எட்டுக்கு மேல போட்ட ஒவ்வொரு ஞாயித்துக்கெழமைக்கும் முந்தின நாளு எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னன்னைக்கு நீங்க அவருக்கோ எனக்கோ போன் பண்ணதும் ஞாபகம் இருக்கு."

"நல்லா ஆடுனா மார்க் போடத்தானே பாப்பா செய்யணும்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் கத்தவில்லை. "நான் நம்ம வீட்டுக்கே வந்துர்றேன்ப்பா" என்றாள், சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி. இப்போது வந்தால் ஊர் ஒரு மாதிரி பேசும், கொஞ்சம் பொறு என்று சொல்லி அனுப்பினேன். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். கணக்கு டீச்சர் இல்லையா, தேதிகளை வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் மகள் கெட்டிக்காரி என்று எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

இந்தத் தாளை இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படிக்கப்போவதாகச் சொன்னீர்கள். தாராளமாகப் படியுங்கள். இதில் உள்ளது அத்தனையும் நிஜம். தேதி நான் வைத்தது, பொய் நான் சொன்னது, சண்டை நான் மூட்டியது, காது என்னால் போனது. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்குப் புதன்கிழமை. வருகிற ஞாயிறு மறுபடி திருமயத்தோடு ஃபைனல். நீங்கள் நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து மாப்பிள்ளை தன் வீட்டில் கொதித்துக்கொண்டிருக்கிறான், அவளும் அங்கேதான் இருக்கிறாள். இந்த வாரம் நான் போன்கூடச் செய்ய வேண்டியதில்லை. இதைப் படித்துக்காட்டினால் அவன் உடைந்துபோய் அவள் காலடியில் உட்கார்ந்துவிடுவான், எனக்கு அவனைத் தெரியும். திங்கட்கிழமை படித்துக்காட்டுங்கள். நாலு வருஷம் பொறுத்த பிள்ளைக்கு நாலு நாள் பெரிதா, மேடம்?