தினம் பத்து நிமிஷம்

— அப்புறம் என்ன டாக்டரம்மா, வேலைக்குப் போகலாம்னு கையெழுத்தைப் போடுங்க, நாளைக்கே பஸ்ஸை எடுத்துடறேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சா நடுங்குதுன்னு வந்த கை இது. இப்பப் பாருங்க.

— கை நல்லாத்தான் இருக்கு டிரைவர் சார். மனசுதான் சரியில்லைன்னு ரிப்போர்ட் சொல்லுது. உங்க செல்போன்ல ஒரு ஏஐ போட்டுக் கொடுத்தேனே, தினம் பத்து நிமிஷம் அதுகிட்ட மனசுவிட்டு எழுதுங்கன்னு? அது அனுப்பின ரிப்போர்ட்தான் இது.

— இருபது நாளும் தவறலையே. என் சம்சாரத்தைக் கேளுங்க.

— ஆமாங்க, ஒருநாள்கூட விடலை.

— ராத்திரியில தூக்கமே வர்றதில்லைன்னு எழுதியிருக்கீங்க.

— யாருக்கு, எனக்கா? நான் விடற குறட்டைக்கு அடுத்த வீட்டுக்காரர் சுவத்தைத் தட்டறார்.

— இதைக் கேளுங்க. "சமையல்கட்டுல குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துல அழுதுக்குவேன்." பதினோராம் நாள்.

— சமையல்கட்டா? நான் அந்தப் பக்கமே போனதில்லையே.

— அது நிஜம்தாங்க. எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

— அப்ப இதை எழுதினது யாரு?

— கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. மெஷின்கிட்டப் போய் அழுதா சிரிப்பாங்கன்னு எனக்கு ஒரே கூச்சம். போனை இவகிட்டக் கொடுத்து, 'எதையாவது எழுதி ஒப்பேத்து'ன்னுட்டேன்.

— நீங்களாம்மா?

— முதல் மூணு நாள் இவருக்காகத்தாங்க எழுதினேன். இவரே எழுதற மாதிரி, நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன்னு. நாலாம் நாள், 'இன்னிக்கு உங்ககிட்ட யாராவது உட்கார்ந்து பேசினாங்களா'ன்னு அது கேட்டுச்சு. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கை பாட்டுக்கு எழுதிடுச்சு. எழுதினதும் நெஞ்சு லேசாச்சு. அப்புறம் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே விடியறதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். இவர் வேலைக்கே உலை வெச்சுட்டேன்னு இப்பத்தான் தெரியுது.

— இதாம்மா எனக்குப் பயம். இருபது நாள் பேசியிருக்கு, எதிர்ல இருக்கறது யாருன்னே அதுக்குத் தெரியலை. நல்லா இருக்கற மனுஷனுக்கு மாத்திரையைக் கூட்டியிருப்பேன். உங்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

— அதைத் திட்டாதீங்க டாக்டரம்மா. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டு இவ அழறதை நானே கண்டுபிடிக்கலை. நீங்க எனக்குப் போடற கையெழுத்து மெதுவா ஆகட்டும். இன்னிக்கு டோக்கனை இவ பேருக்கு மாத்துங்க, நான் வெளியில உட்கார்றேன்.

— வெளியில எதுக்குங்க? அதுகிட்ட எழுதினதெல்லாமே உங்ககிட்டச் சொல்லணும்னு வெச்சிருந்ததுதான். இப்படி வந்து உட்காருங்க.