வெயில் செய்த வேலையும் சிட்டம்மாள் சுமந்த பழியும்

விழாவின் தலைமை இருக்கையை அணிசெய்யும் நம் படைக் கமிட்டித் தலைவர், தலைமையாசிரியர் சுந்தரவரதன் அவர்களே! எனக்கு முன்னே முழங்கி, முழங்கி, முழங்கி, ஒலிபெருக்கியை மட்டும் எனக்கு மிச்சம் வைத்த முன்னணிப் பேச்சாளர்களே! பந்தலுக்குள்ளே புழுங்கும் பெரியோர்களே! பந்தலுக்கு வெளியே வேகும் தாய்மார்களே! உத்திரமேரூர் ஊர்க்காவல் படையின் உறுதி குன்றாத தோழர்களே! ஓய்வு பெற்ற அவில்தார் தாண்டவராயனின் களைத்த வணக்கம்.

ஆம், களைத்த வணக்கம்தான். பட்டாளத்தில் துப்பாக்கி சுமந்தபோது வராத களைப்பு, இந்த ஒரு மாதமாக ஒரே விஷயத்தை டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் சொல்லிச் சொல்லி வந்துவிட்டது. நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம், நம்பத்தான் ஆளில்லை. இன்று மேடையில் சொல்லிவிட்டு ஓய்ந்து போகிறேன்.

விஷயம் என்ன? சித்திரை மாதம் நடந்த மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டியில் நம் படை தோற்றது. தோல்விக்குக் காரணம் யார் என்றீர்கள்? படைக்குச் சோறாக்கிப் போடும் சிட்டம்மாள் என்றீர்கள்! கணவனை இழந்தவள் தோட்டாவைத் தொட்டாள், கைராசி கெட்டது, குறி கெட்டது என்றீர்கள்! நாளை தொடங்கும் பயிற்சி முகாமில் அவர் அடுப்பு மூட்டக் கூடாது என்று கமிட்டியும் கூடி முடிவெடுத்துவிட்டது. அங்கே அடுப்பெரிந்தால்தானே ஐயா அவர் வீட்டில் அடுப்பெரியும்? யோசித்தீர்களா?

நடந்ததைச் சொல்கிறேன். போட்டிக்கு முதல் நாள் இரவு கோடை மழை. கூடாரம் ஒழுகித் தோட்டாப் பெட்டி நனைந்துவிட்டது. காலையில் நாலைந்து தோட்டாவைத் துடைத்துப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். நம் படைவீரர் முனிரத்தினம் சுட்டது நட்டநடுப் புள்ளியில் பாய்ந்தது. மீதித் தோட்டாவை என்ன செய்வது? ஐப்பசி மழையில் நமுத்துப்போன தீபாவளி வெடியை நாம் என்ன செய்வோம்? முறத்தில் கொட்டி வெயிலில் வைப்போம். அதையேதான் செய்தார்கள்! கொதிக்கும் பாறைமேல் சாக்கை விரித்து, தோட்டாவைப் பரப்பும் வேலையைச் சிட்டம்மாளிடம் கொடுத்தார்கள். கொடுத்தவர் யார்? அது மட்டும் ஒரு மாதமாக யாருக்குமே நினைவில்லை!

தோட்டா என்ன ஓலை வெடியா? பித்தளைக் கூட்டுக்குள் இறுக அடைத்த மருந்து. ஈரம் உள்ளே போகவேயில்லை. வெயிலில் வைத்தபின் சூடுதான் உள்ளே போனது. சூடு போனால் என்ன ஆகும்? தாய்மார்களைக் கேளுங்கள். வெயிலில் கிடந்த குடத்துத் தண்ணீரில் உலை வைத்தால் சட்டென்று கொதிக்காதா? மருந்தும் அப்படித்தான். சூடேறிய மருந்து சுருக்காக எரியும். சுருக்காக எரிந்தால் குண்டை ஓங்கித் தள்ளும். ஓங்கித் தள்ளினால் குண்டு விரைந்து பாயும். விரைந்து பாயும் குண்டு வழியில் தாழ்வது குறையும். வைத்த குறிக்கு மேலே போய்த் தைக்கும்!

வடக்கே எல்லைக் காவலில் இதையே தலைகீழாகப் பார்த்தவன் நான். கோடையில் நடுப்புள்ளி அடித்த அதே துப்பாக்கி, மூக்கு விறைக்கும் பனிக்காலத்தில் புள்ளிக்குக் கீழே அடித்தது. குளிரில் மருந்து மந்தமாகிவிட்டது. அங்கே எந்தக் கைம்பெண் ஐயா வந்து தோட்டாவைத் தொட்டாள்?

அங்கே என்ன சலசலப்பு? வீராசாமியா? எழுந்து நின்று கேளப்பா. “வெயிலு எல்லாருக்கும் ஒண்ணுதானே அவுல்தாரே? மத்த ஊரான் மட்டும் எப்பிடிக் கரீட்டா அடிச்சான்?” என்று கேட்கிறார். அடடா, ஒரு மாதத்தில் இப்போதுதான் ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார்! மற்ற ஊர்க்காரன் தோட்டா மரத்தடி நிழலில், பெட்டிக்குள் இருந்தது தம்பி. நம்முடையது பாறைமேல் வறுபட்டது.

அன்றைக்கு நான் இலக்குப் பலகைக்குக் கீழே குழியில் இருந்து, குண்டு பட்ட இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். முனிரத்தினத்தின் குண்டுகள் சிதறினவா? இல்லை! உள்ளங்கை அகலத்துக்குள் ஒன்றாக விழுந்தன. அத்தனையும் புள்ளிக்கு நாலு விரல் மேலே! கை நடுங்கியிருந்தால் சிதறும். கண் பிசகியிருந்தால் சிதறும். ராசி கெட்டது என்றால், கெட்ட ராசிக்கு இத்தனை ஒழுங்கு எங்கிருந்து வந்தது? போட்டி முடிந்ததும் சாக்கில் மிச்சமிருந்த ஒரு தோட்டாவை எடுத்தேன். விரல் சுட்டுக் கீழே போட்டுவிட்டேன். வேலை செய்தது வெயில். பழி சிட்டம்மாள் தலையிலா?

பெரியோர்களே, கத்துவதற்கு எனக்குத் தெம்பில்லை. கமிட்டியைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த அம்மாளைச் சேருங்கள். சேர்க்காத முகாமில் பயிற்சி கொடுக்க நானும் வரமாட்டேன். அவ்வளவுதான்.

யார் அது எழுந்து நிற்பது? முனிரத்தினமா? கூச்சல் போடாதீர்கள், பேச விடுங்கள்.

“சிட்டம்மாக்கா, காய வெக்கச் சொன்னது நான்தான்கா. தோத்ததுல பேஜாராப் பூட்சி. எல்லாரும் என்னியத் திட்டுவாங்கன்னு பயந்துகினு வாயத் தொறக்கல.”

கடைசி வரிசைக்குக் கேட்டதா? சொன்னது அவராம்! தலைவர் என்ன சொல்கிறார்? கமிட்டி முடிவு ரத்து என்கிறார். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! பொறுங்கள், நிறுத்துங்கள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சிட்டம்மாள் ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லம்மா.

“நாளைக்கு அடுப்பு மூட்ட வரேன் சார். ஆனா முனிரத்தினம் நைனா, தோட்டாவத் தொட்ட கைன்னு எந்தங்கச்சி அவ பொண்ணு கல்யாணத்துக்கு என்னியக் கூப்புடல. நான் தூக்கி வளத்த பொண்ணு நைனா அது. போன வாரமே கல்யாணம் முடிஞ்சி பூட்சே!”

தலைவர் அவர்களே, இத்துடன் முடித்துக்கொள்கிறேன். வெயிலில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நன்றி. அம்மா சிட்டம்மா, உனக்கு என் வணக்கம்.