உள்ளே போகாத புரதம்

— கடைசி பெஞ்சுல நான் உக்காந்திருந்தது உனக்குத் தெரியாதுல்லா, அக்கா?

— ஏட்டி சித்ரா! நீ எப்பம் வந்த? காலேஜுக்கு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

— மதுரையில ஆராய்ச்சி பண்ணுத அக்கா நம்ம சங்கரன்கோவில்ல வந்து பேசுதாளேன்னு ராயகிரியில இருந்து பஸ் ஏறி வந்தேன். கைதட்டணும்னு வந்தேன், பாத்துக்கோ.

— சரி வா, கேன்டீன்ல ஒரு காப்பி குடிப்போம்.

— காப்பி கெடக்கட்டும். அந்தப் புரோட்டீன் கதைய எனக்கும் ஒருதடவ சொல்லு.

— இப்பமா? சரி, கேளு. செல்லுக்கு நடுவுல நியூக்ளியஸ் இருக்கும். புரோட்டீன் எல்லாம் அதுக்கு வெளியதான் உருவாகும். உள்ள வேலை இருக்குத புரோட்டீனுக்கு அது உடம்புலயே ஒரு விலாசம் இருக்கும். அந்த விலாசத்தப் பாத்து இன்னொரு புரோட்டீன் அதைப் புடிச்சு, நியூக்ளியஸ் சுவர்ல இருக்குத ஓட்டை வழியா உள்ள கொண்டுபோய் விட்டுரும்.

— விலாசம் பிழையாயிருந்தா?

— கேளு, அப்பம் சரியாப் புடிக்க முடியாது. வெளியிலயே தங்கி, கட்டிகட்டியாச் சேந்துரும். நரம்பு செல்லு கொஞ்சங்கொஞ்சமாச் செத்துரும்.

— மொதல்ல கை. பொறவு நாக்கு. பொறவு மூச்சு. நம்ம அப்பா கையில மம்பட்டி நிக்காமப் போச்சே, அப்பிடி.

— சித்ரா...

— 'தென்காசிப் பக்கம் ஒரு குடும்பம். தகப்பனார் இறந்துட்டாரு. அந்த விலாசப் பிழை மூத்த மகளுக்கு இல்ல, இளைய மகளுக்கு இருக்கு.' படத்தக் காட்டிக் காட்டிச் சொன்ன. உன் குரல்கூட நடுங்கல, பாத்துக்கோ.

— பேரு சொல்லலயே, ட்டி.

— பேரு எதுக்கு? நம்ம வீட்டுல ரெண்டே பொம்பளப்பிள்ளைதான?

— கேளு, இதுக்கு மருந்து கெடையாது. நீ சிரிச்சுக்கிட்டிருக்க. அதை ஏன் கெடுக்கணும்னு நெனச்சேன்.

— ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லலாம், எனக்குச் சொல்லக்கூடாதா? ஒரு பிள்ளைக்கு நான் எப்பிடி ஏங்குதேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரவுக, 'இப்பம் வேண்டாம், மொதல்ல வீட்டக் கட்டிக்கிடுவோம்'ங்காக. பாவம், ஒண்ணும் தெரியாத மனுசன். இன்னைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவுககிட்ட இதைச் சொல்லுவேன்?

— ராஜதுரைகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

— அவுகளையும் ஏமாத்தச் சொல்லுதியா? உன்ன மாதிரி என்னால முடியாது. ஆமா, என் ரத்தம் உனக்கு எப்பிடிக் கெடச்சுது? உன் லேப் வாசல நான் மிதிச்சதே இல்லையே.

— கல்யாணமான புதுசுல சுகர் டெஸ்டுன்னு உன்னைய ராஜதுரை கூட்டிட்டுப் போனாருல்லா? அந்த ரத்தத்த மதுரைக்குக் கொண்டாந்து குடுத்ததும் உன் மாப்பிள்ளைதான், ட்டி. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனதும் அவருதான்.